நிசப்தத்துக்கு எட்டரை மதிப்பெண்

எங்கள் ஒலிப்பதிவுக் கழகத்துக்கு ஒரு மென்பொருள் தேர்ந்தெடுக்க ஒன்பது பேர் கொண்ட குழு பதினோரு மாதம் உட்கார்ந்தது. முடிவில் கழகத்துக்கு மென்பொருள் வந்தது, எனக்குக் காது போயிற்று. போயிற்று என்று நான் சொல்லவில்லை. கோப்பு சொல்கிறது.

என் காதைப் பற்றி நானே பேசிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் இனிமேல் வேறு யாரும் பேசப் போவதில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். கழகத்தில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். பதினெட்டு வருஷமாக மூன்றாம் எண் அறையில் பதிவு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பாடுகிறவர் வரிக்கு நடுவே எச்சில் விழுங்கினால் எனக்குத் தெரியும். இருபது பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் மட்டும் பாடாமல் வாயசைத்தால் அதுவும் தெரியும். இதனால் எனக்கு நண்பர்கள் அதிகம் கிடையாது.

இருந்த ஒரே நண்பர் என் தங்கையைக் கட்டிக்கொண்டார். அவரும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருவருமே வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்க, போங்க என்று மாறினேன், அவர் மாறவில்லை. மாப்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அவர் படிப்படியாக மேலே ஏறிக் கழகத்தின் இயக்குநர் ஆனார். நான் அதே நாற்காலியில் இருந்தேன், நாற்காலியைத்தான் இரண்டு முறை மாற்றினார்கள்.

மாப்பிள்ளைக்கு வலது காது கேட்காது. கல்யாணமான அடுத்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது வலது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இது அவருக்கும் என் தங்கைக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். பதிவு மேஜையில் உட்காருகிறவனுக்கு இரண்டு காதும் கேட்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முக்கியமான பதிவு என்றால் அவர் மேஜையில் உட்காருவார், நான் அவருக்கு வலது பக்கம் உட்காருவேன். மேஜைக்கு அடியில் என் கால் அவருடைய காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் வலது பக்கம் சத்தம் அதிகம். இரண்டு தட்டு என்றால் குறைவு. மூன்று தட்டு என்றால் ஏதோ தப்பு, நிறுத்து. பதினான்கு வருஷம் இப்படி ஓடியது. அவருடைய வலது காதாக என் இடது கால் வேலை பார்த்தது, அதற்காக நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நிற்க. மென்பொருளுக்கு வருகிறேன்.

நாங்கள் பயன்படுத்திவந்த பழைய மென்பொருளைச் செய்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. புதிதாக வந்த கணினிகளில் அது திறக்க மறுத்தது. புதியது வாங்கியே ஆக வேண்டும். சந்தையில் எங்களுக்கு ஒத்துவரக்கூடியவை இரண்டு. ஒன்றின் திரை நீல நிறம், மற்றதன் திரை கறுப்பு. எங்கள் தொழிலில் இதைத் தேர்ந்தெடுப்பது செருப்பு வாங்குகிற மாதிரி. போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்க்க வேண்டும். ஒரு பாட்டைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, எது நடுவேலையில் உறைந்து நிற்கிறது என்று பார்த்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும். நான் அப்படித்தான் பார்த்தேன். இரண்டுமே நன்றாக இருந்தன. 'எதை வாங்கினாலும் சரி, மைக் கம்பிகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள், பழசாகிக் கிழிந்து கிடக்கின்றன' என்று ஒரு தாளில் எழுதி மேலே அனுப்பினேன். இவ்வளவு சுருக்கமாக ஒரு அறிக்கை இருந்ததால் அதை யாரும் நம்பவில்லை. குழு போட்டார்கள்.

குழுவின் தலைவர் எடைக்கற்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். முதல் கூட்டத்தில் அவர் பேசியதை நான் மறக்கவில்லை.

"நான் பாட்டுக் கேக்கறவன் இல்ல. அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டிருக்காங்க. பாட்டுக் கேக்கறவனுக்கு ஒரு பாட்டு பிடிக்கும், ஒரு பாட்டு பிடிக்காது. அங்கயே நடுநிலைமை போச்சு. எனக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. எனக்கு எல்லாம் சத்தம்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். அதே நடுநிலைமையின் பேரில், மென்பொருளைத் தினமும் கையாளப் போகிறவர்கள் யாரும் குழுவில் இருக்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. கணக்கு அதிகாரி, சட்ட ஆலோசகர், கட்டடப் பராமரிப்பு அதிகாரி, தோட்டப் பொறுப்பாளர் என்று தலைவரோடு சேர்த்து எட்டுப் பேர் ஆனார்கள். ஒன்பதாவதாக இயக்குநர் என்ற முறையில் மாப்பிள்ளை. எனக்கு 'சிறப்பு அழைப்பாளர்' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். கேட்டால் பதில் சொல்லலாம், ஓட்டுப் போடக் கூடாது, கேட்காதபோது இருமலாம்.

அன்று மாலை மாப்பிள்ளை என் தோளில் கை போட்டார்.

"மச்சான், இவங்க பேசறத மனசுல வச்சுக்காத. கடைசியில நீ சொல்றதுதான். நான் இருக்கேன்ல?"

"எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான் மாப்ளே. அந்த மைக் கம்பி மட்டும்..."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

அடுத்த நான்கு மாதம் பொத்தான் எண்ணினோம். இரண்டு மென்பொருளிலும் எத்தனை பொத்தான்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார் தலைவர். தோட்டப் பொறுப்பாளர் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கறுப்பில் ஆயிரத்து நூற்று நாற்பது, நீலத்தில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. கறுப்புக்கு மதிப்பெண் ஏறியது. அதில் முந்நூறு பொத்தான்களை யாரும் ஆயுசில் தொடப் போவதில்லை என்று நான் சொன்னேன். அது இருமலுக்குள் அடங்காது என்று குறிப்பேட்டில் பதிவானது.

செய்த தவறைப் பின்வாங்கும் வசதியைப் பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். இரண்டு மென்பொருளிலும் எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போகலாம். சட்ட ஆலோசகருக்கு வியர்த்துவிட்டது.

"எத்தனை படி வேணும்னாலுமா? அப்ப கையெழுத்துக்கு என்ன மரியாதை? இந்தக் கழகத்துல ஒரு தடவ கையெழுத்தானா ஆனதுதான். இன்னிக்கு வரைக்கும் நாம ஒரு தப்பைக்கூடத் திருத்தினது கிடையாது. அந்தப் பேரைக் கெடுத்துக்கக் கூடாது."

பின்வாங்கும் பொத்தானைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

பிறகு விற்பனைப் பிரதிநிதிகள் வந்தார்கள். நீலத்தின் ஆள் நேரத்துக்கு வந்து, மென்பொருளைத் திறந்து காட்டி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கறுப்பின் ஆள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். மென்பொருளைத் திறக்கவே இல்லை. விளக்கை மங்கலாக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"எங்க ஒலியில ஒரு வெதுவெதுப்பு இருக்கும். ஒரு ஆழம் இருக்கும். ஆனா ஒண்ணு, எல்லாராலயும் அத உணர முடியாது. உள்ளுக்குள்ள ஒரு பக்குவம் வேணும்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். பக்குவம் இல்லை என்று சொல்லிக்கொள்ள அந்த அறையில் யார் முன்வருவார்கள்? மறுநாளிலிருந்து கழகத்தில் யார் வாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பு. குளிர்ந்த அறையில் வெதுவெதுப்பை எடைபோட முடியாது என்று பராமரிப்பு அதிகாரி குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டார். அதற்கடுத்த கூட்டங்களில் எல்லாருமே வெதுவெதுப்பை உணர்ந்தார்கள்.

ஏழாவது மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கும் சோதனை வந்தது. ஒரே பாட்டை இரண்டு மென்பொருளிலும் ஏற்றி, எதையும் தொடாமல் அப்படியே வெளியே எடுத்து வைத்தேன். முதலில் ஓடுவது நீலம், அடுத்தது கறுப்பு என்று தலைவர் அறிவித்த பிறகு ஒன்பது பேருக்கும் கண்ணைக் கட்டினார்கள். நீலம் ஓடியபோது உதட்டைப் பிதுக்கினார்கள். கறுப்பு ஓடியபோது கணக்கு அதிகாரி அழுதார். நீலத்துக்கு அறுபத்தொன்று, கறுப்புக்கு எண்பத்து நான்கு.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. சந்தேகத்துக்கு என் அறைக்குப் போய் இன்னொரு சோதனை செய்து பார்த்தேன். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. இரண்டு ஒலிகள் அச்சு அசலாக ஒன்றா என்று பார்க்க, ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்து ஓட்ட வேண்டும். ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், எதுவுமே கேட்காது. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அந்த வித்தியாசம் மட்டும் மிச்சமாகக் கேட்கும். சேர்த்து ஓட்டினேன். பாட்டு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிசப்தம். வெதுவெதுப்பும் இல்லை, ஆழமும் இல்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தச் சோதனையை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டோம். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"கணக்கு அதிகாரி அழுதாரே மச்சான்! கர்ச்சீப்ப நான்தான் குடுத்தேன்!"

"இப்ப என்ன செய்யலாம்?"

"என்ன செய்யலாமா? அடுத்த கூட்டத்துல இத அப்படியே போட்டுக் காட்டு. நம்மகிட்டயே காது குத்தப் பாக்கறாங்க. நீ போடு, நான் எந்திரிச்சு விளக்கம் சொல்றேன். இயக்குநர் சொன்னா மறுக்க முடியாதுல்ல?"

"சொல்வீங்கல்ல?"

"என்ன மச்சான், என்கிட்டயே இப்படிக் கேக்கற?"

கேட்டிருக்கக் கூடாதுதான் என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

கூட்டம் நடந்தது. நான் மாப்பிள்ளைக்கு வலது பக்கம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். சோதனை என்னவென்று இரண்டே வரியில் சொல்லிவிட்டு ஓட்டினேன். நான்கு நிமிஷம் நிசப்தம். சுவர்க் கடிகாரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு நிமிஷமும் முடிந்தது. எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கறுப்பின் ஆளிடம் கற்றுக்கொண்டது.

"ம்," என்றார் கடைசியில். "ரொம்ப நுட்பமா இருக்கு."

உடனே கணக்கு அதிகாரி, "அடியில ஒரு ஆழம் ஓடுதுங்க ஐயா," என்றார். தோட்டப் பொறுப்பாளருக்குத் தூரத்தில் தண்ணீர் பாய்வதுபோலக் கேட்டது. சட்ட ஆலோசகர் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆக, தலைவரோடு சேர்த்து எட்டுப் பேருக்குக் கேட்டுவிட்டது.

"உங்களுக்கு?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. யாருக்குமே கேக்காது. ரெண்டும் ஒண்ணுங்கறதுக்கு அதுதான் சாட்சி."

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எட்டுப் பேருக்குக் கேக்கறது ஒலிப்பதிவுக்காரருக்குக் கேக்கலைன்னா, அது மென்பொருளோட குறை இல்ல. யார் யாருக்குக் கேக்கலையோ எல்லாரையும் காது டாக்டர்கிட்ட அனுப்பணும். இது ஒலி சம்பந்தப்பட்ட நிறுவனம், விளையாட்டில்ல. சரி, இயக்குநர் என்ன சொல்றீங்க? உங்களுக்குக் கேட்டுதா?"

டாக்டர் என்ற சொல் விழுந்ததும் மாப்பிள்ளையின் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது. என் கால் மேஜைக்கு அடியில் அவருடைய காலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. தைரியம் சொல்கிற மாதிரி லேசாக அழுத்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு கணம் நேராக என் கண்ணைப் பார்த்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டார்.

"லேசாக் கேக்குதுங்க ஐயா."

வாயைத் திறந்தேன். 'இவருக்குத்தான்...' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கை முகம் குறுக்கே வந்து நின்றது. இருமினேன். அதற்குத்தான் அனுமதி இருந்தது.

அதற்குப் பிறகு குழு சுறுசுறுப்பாகிவிட்டது. நிசப்தம் இவ்வளவு நன்றாக இருக்கிறதென்றால் இரண்டு மென்பொருளின் நிசப்தத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார் தலைவர். எதுவுமே பதியாத வெற்றுத் தடத்தை இரண்டிலும் ஐந்தைந்து நிமிஷம் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். நீலத்தின் நிசப்தம் கொஞ்சம் வறட்சியாக இருந்ததாம், ஆறு மதிப்பெண். கறுப்பின் நிசப்தத்துக்கு எட்டரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் என்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் சோதித்தார். வெளியே வந்து கோட்டுப் படத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"இந்தக் காத வச்சுக்கிட்டு எதுக்கு என்கிட்ட வந்தீங்க? இருபது வயசுல வரவங்களுக்கே இப்படி இருக்கறதில்ல."

"கேக்காதத கேக்கலைன்னு சொல்லிட்டேன் டாக்டர்."

அவர் அதற்கு மருந்து எழுதவில்லை. சான்றிதழ்தான் எழுதிக் கொடுத்தார். கொண்டுபோய்க் குழுவிடம் நீட்டினேன். சட்ட ஆலோசகர் அதைத் தொடவே இல்லை. "உங்களுக்குக் கேக்கலைன்னு நீங்களே சொல்லி, குறிப்பேட்டுல ஏறி, ஒன்பது கையெழுத்தும் ஆயிடுச்சு. டாக்டர் ஒருத்தர், கையெழுத்து ஒன்பது. பின்வாங்கற வசதி நம்மகிட்ட இல்லைங்கறது உங்களுக்கே தெரியுமே," என்றார். ஒன்பது கையெழுத்துகளில் கடைசியாக இருந்ததை நான் நன்றாக அறிவேன். என் தங்கையின் கல்யாணப் பதிவேட்டில் நான் சாட்சியாகப் போட்ட கையெழுத்துக்கு மேலே அதே கையெழுத்துத்தான் இருக்கிறது.

என் 'கேட்கும் தகுதி' நிறுத்தி வைக்கப்பட்டது. மேஜையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். எனக்கு மூன்றாம் எண் அறைக்கு வெளியே ஒரு முக்காலி கொடுத்தார்கள். பதிவு தொடங்கும்போது கதவுக்கு மேலே இருக்கும் சிவப்பு விளக்கைப் போட வேண்டும், முடிந்தால் அணைக்க வேண்டும். காது தேவைப்படாத வேலை என்று ஆணையிலேயே எழுதியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அவர் வேணும்னு செய்யல. டாக்டர்கிட்ட அனுப்பியிருந்தா அவர் வேலையே போயிருக்கும். பயத்துல வாயில வந்துடுச்சு. வீட்டுல சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்கறார்."

என் மனைவி சமையலறையிலிருந்தபடியே, "அவருக்குத் தப்பிக்க வேற வழியே கிடைக்கலையா? உங்க அண்ணன் காதுமேல கால வச்சுத்தான் ஏறணுமா?" என்றாள்.

"அண்ணி, நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

"உன்ன ஒண்ணும் சொல்லலம்மா. உள்ள வா, சாப்பிடு."

தங்கை உள்ளே வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்க வந்தது எனக்குப் புரிந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போ," என்றேன்.

அவள் போன பிறகு மனைவி எடுத்து வைத்த தட்டை உள்ளே கொண்டுபோனாள். வேலை போனது வருத்தம்தான். ஆனால் அவர் பயந்துபோய் யோசிக்காமல் சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன். அவர் முதலில் காலை இழுத்துக்கொண்டார், பிறகுதான் சொன்னார். அந்த ஒரு நொடியை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

கறுப்பு மென்பொருள் வந்து இறங்கியது. திறப்பு விழாவுக்கு நாற்பது பெண்கள் சேர்ந்து பாடும் ஒரு பாட்டைப் பதிவதாக ஏற்பாடு. அது நேரடியாக ஒலிபரப்பாகும், அமைச்சகத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முந்தின நாள் பராமரிப்பு அதிகாரி அறையை அழகுபடுத்தினார். தரையில் கிடந்த கம்பிகள் அவர் கண்ணை உறுத்தின. வலது பக்க மைக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, கூந்தல் பின்னுவதுபோலப் பின்னி, கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டார். பழைய, கிழிந்த மைக் கம்பி. பக்கத்தில் மின்சாரம் ஓடினால் அது சும்மா இருக்காது, ஹும் என்று இரைச்சலை இழுத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

"சார், அத ரெண்டையும் பிரிச்சு விடணும். இரைச்சல் வரும்," என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

விழா நாளில் நான் முக்காலியில் இருந்தேன். உள்ளே குழுவினர் ஒன்பது பேரும் காதில் புதுத் தலையணி மாட்டியிருந்தார்கள். கூடத்தில் விருந்தினர்களுக்காக இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஒலிபரப்புக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் ஒத்திகை ஓடியது. நாற்பது குரல்களும் எழும்பின. நல்ல குரல்கள். வலது பக்க ஒலிபெருக்கியிலிருந்து அத்தனை குரலுக்கும் அடியில் ஹும் என்ற இரைச்சல் வந்தது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. விருந்தினர் இரண்டு பேர் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். "வெதுவெதுப்பு இதுதான்," என்று அவர் உதடு அசைந்தது. கணக்கு அதிகாரி கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையணியின் இடது பக்கத்தில் ஒரு குறையும் இல்லாத பாட்டு அவருக்குக் கேட்டிருக்கும். வலது பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தலையணியைத் திருப்பி மாட்டிக்கொண்டால் எட்டுப் பேர் பார்ப்பார்கள். அவருடைய வலது கால் மேஜைக்கு அடியில் பக்கவாட்டில் நகர்ந்து எதையோ தேடியது. அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

ஒலிபெருக்கிகளை அணைத்த பிறகு எழுந்து வெளியே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, பழக்கப்படி இடது காது என் பக்கம் இருக்கும்படி நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மச்சான்," என்றார் மெதுவாக. "வலது பக்கம் எப்படி இருக்கு?"

கம்பளத்தைத் தூக்கி இரண்டு கம்பியையும் பிரித்துவிட இரண்டு நிமிஷம் போதும். எட்டு நிமிஷம் இருந்தது. அந்த இரைச்சல் என் பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு இரைச்சலைக்கூட நான் வெளியே விட்டதில்லை. உள்ளே நாற்பது பெண்கள் மாதக்கணக்கில் பழகிய பாட்டோடு நின்றிருந்தார்கள். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

"சொல்லு மச்சான், நேரமாகுது," என்றார். வாயால் சொல்லச் சங்கடமாக இருந்தால் இப்படியாவது சொல் என்பதுபோலத் தன் வலது காலை நகர்த்தி என் கால் பக்கத்தில் வைத்தார். பளபளவென்று துடைத்த புதுச் செருப்பு.

என் காலை முக்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"எனக்குத்தான் காது கேக்காதே மாப்ளே," என்றேன்.

உள்ளிருந்து தலைவர் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். மாப்பிள்ளை உள்ளே போனார். நான் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டேன்.